பச்சை முட்டைக்கு ஒரு வீடு

ஈமு பொழுது சாயும் நேரத்தில் முட்டையிடும் பறவை. மாலை ஐந்தரை மணியிலிருந்து ஏழு மணிக்குள் பண்ணைக்காரர்கள் வேலிக்குள் நுழைந்து தேடுவார்கள். கிடைப்பது கரும்பச்சை நிறத்தில், உள்ளங்கை கொள்ளாத ஒரு முட்டை. எடை 450 கிராம் முதல் 650 கிராம் வரை இருக்கும்; பத்துக் கோழிமுட்டைகளை ஒன்றாகச் சேர்த்த கனம். ஓடு சொரசொரப்பாக, பல அடுக்குகளாக அமைந்தது. மேலே உள்ள கரும்பச்சைப் படலத்தைச் சுரண்டினால் அடியில் நீலப்பச்சை, அதற்கும் அடியில் வெண்மை. இந்த அழகில் மயங்கித்தான் பலர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பொரித்துப் பார்க்கலாமே என்று ஆசைப்படுகிறார்கள்.

ஆசையில் தவறில்லை. ஒரு முட்டைக்குள் உயிர் உருவாவதைக் கண்ணெதிரே பார்ப்பதைவிட நல்ல உயிரியல் பாடம் கிடையாது. ஆனால் ஈமுவைப் பொறுத்தவரை பாடம் குஞ்சு வெளியே வந்த நாளில் முடிவதில்லை. நன்றாகப் பராமரித்தால் அது இருபது ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கு மேலும் வாழும். முழு வளர்ச்சியில் ஆள் உயரத்தைத் தாண்டும், 40 கிலோ எடை போடும், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். தமிழ்நாடு இந்தப் பாடத்தை ஒருமுறை மிகுந்த விலை கொடுத்துப் படித்திருக்கிறது. அதற்கு வருமுன், முட்டைக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம்.

ஆஸ்திரேலியக் காட்டில் அடைகாப்பது ஆண். பெண் ஈமு மூன்று நான்கு நாளுக்கு ஒன்றாக முட்டையிடும். ஐந்து முதல் பதினைந்து முட்டைகள் சேரும்போது ஆண் அவற்றின்மேல் உட்காரும். பெண் பெரும்பாலும் வேறு துணை தேடிப் போய்விடும். அதன்பின் சுமார் எட்டு வாரம் ஆண் ஏறக்குறைய எதையும் தின்பதில்லை. முன்பே சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு, நாளுக்குப் பத்து முறை எழுந்து முட்டைகளைத் திருப்பிவிட்டு மறுபடியும் உட்காரும். எழும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். குஞ்சுகள் வந்தபின்னும் ஐந்து ஆறு மாதம் அவற்றைக் கூட்டிக்கொண்டு திரிவதும் அதே தகப்பன்தான். பறவை உலகில் இதற்கு இணையான தகப்பன்மார் மிகக் குறைவு.

இன்குபேட்டர் இந்தத் தகப்பனின் இடத்தில் வைக்கப்படும் கருவி. சூடு, ஈரப்பதம், காற்றோட்டம், திருப்புதல் என நான்கு வேலைகளை அது செய்ய வேண்டும். சூடு எளிது: 96 முதல் 97 பாரன்ஹீட் டிகிரி, அதாவது ஏறத்தாழ 36 செல்சியஸ். கோழிமுட்டைக்குத் தேவையானதைவிட மூன்று நான்கு பாரன்ஹீட் டிகிரி குறைவு. கோழிக்கு இருபத்தொரு நாள் என்றால் ஈமுவுக்கு ஐம்பது நாளைத் தொடும். திருப்புவதும் எளிது, மறக்காமல் செய்தால் போதும். வில்லங்கம் ஈரப்பதத்தில் இருக்கிறது. சென்னையை அடுத்த கடலோரக் கோவளத்தில் அது பெரிய வில்லங்கம்.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஆக்ஸிஜன் உள்ளே போகும், கரிவளி வெளியே வரும், நீராவியும் வெளியேறும். இந்த நீராவி வெளியேறுவதை வீண் இழப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பொரிக்கும் நாளுக்குள் முட்டை தன் எடையில் 12 முதல் 15 சதவீதம் வரை நீராக இழந்தாக வேண்டும். அப்போதுதான் முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை போதிய அளவு விரியும். கடைசி நாள்களில் குஞ்சு முதலில் தலையை நுழைப்பது அந்தக் காற்றறைக்குள்தான். முதல் மூச்சை இழுப்பதும் அங்கேதான். நீர் சரியாக வெளியேறாத முட்டையில் குஞ்சு நீர்கோத்து ஊதிப்போய், திரும்ப இடமின்றி, ஓட்டுக்குள்ளேயே மூச்சுத்திணறி இறந்துவிடும்.

ஈமு வறண்ட நிலத்துப் பறவை. எட்டு வாரமும் உள்ளிருக்கும் நீர் போதும்படியாக, மெதுவாகக் கசியும் வகையில் அதன் ஓடு அமைந்திருக்கிறது. எனவே இன்குபேட்டருக்குள் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் வரைதான் இருக்கலாம். இப்போது கோவளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈமு நம் நாட்டில் முட்டையிடும் பருவம் ஐப்பசி வாக்கில் தொடங்கிப் பங்குனி வரை போகும். பகல் குறுகுவதுதான் அதற்குக் குறிப்பு. அந்தப் பருவத்தின் முதல் பாதி வடகிழக்குப் பருவமழைக் காலம். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் முட்டுக்காட்டுக் கழிமுகம். வெளியே 29 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றை இன்குபேட்டருக்குள் இழுத்து 36 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலேயே உள்ளே ஈரப்பதம் 54 சதவீதத்தில் நிற்கும். சூடேறிய காற்றில் ஈரத்தின் சதவீதம் குறையும் என்பது உண்மை. ஆனாலும் அந்தக் குறைவு இங்கே போதாது. அதே இயந்திரத்தைக் கொங்கு நாட்டின் தை மாதக் காற்றில், 25 டிகிரியும் 60 சதவீதமுமாக இருக்கும் ஒரு நாளில் வைத்தால், உள்ளே 32 சதவீதம்தான் வரும். ஊர் மாறினால் பொரிக்கும் கணக்கே மாறிவிடுகிறது. கோழிமுட்டை பொரிக்கப் பழகியவர்கள் வழக்கம்போல உள்ளே தண்ணீர்த் தட்டு வைப்பார்கள். கடலோரத்தில் ஈமு முட்டைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

வழி இருக்கிறது. இன்குபேட்டர் இருக்கும் அறையில் ஏசி போட வேண்டும். குளிர்ந்த குழாய்ச்சுருளில் படிந்து ஈரம் நீராக வடிந்துவிடுவதால், அறைக் காற்று 24 டிகிரியும் 60 சதவீதமுமாக இருந்தால் இயந்திரத்துக்குள் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். முட்டையை வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது அதைவிட முக்கியம். 600 கிராம் முட்டை வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையவில்லை என்றால் ஈரத்தைக் குறைக்க வேண்டும். அதிகமாகக் குறைந்தால் கூட்ட வேண்டும். சமையலறையில் இருக்கும் மின்னணுத் தராசே போதும். நான் இந்தத் துறையில் படித்த அத்தனை அறிவுரைகளிலும் மிக எளியதும் மிகப் பயனுள்ளதும் இதுதான்.

கோழிமுட்டையை விளக்கின் முன் பிடித்தால் உள்ளே இரத்த நாளங்கள் தெரியும். கூமுட்டையை ஒரே வாரத்தில் பிரித்துவிடலாம். ஈமு முட்டையின் கருமையும் தடிப்பும் ஒளியை விடாது. அதனால் கடைசி வாரங்களில் முட்டையைச் சமதளத்தில் வைத்து விரலால் மெல்லத் தட்டுவார்கள், அல்லது சீட்டி அடிப்பார்கள். உள்ளே உயிர் இருந்தால் முட்டை லேசாக ஆடும். ஒன்றரை மாதம் வெறும் எடைக் குறிப்பை மட்டும் நம்பிக் காத்திருந்தவர்களுக்கு அந்த ஆட்டம் எவ்வளவு பெரிய சேதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஓட்டுக்குள் அறிவியலாளர்களை ஈர்த்த இன்னொன்றும் நடக்கிறது. ஈமுவின் இறக்கை ஒன்றுக்கும் உதவாத சிறு முளை. இறகுக்குள் தேடிப்பார்த்தால்தான் தெரியும். மெல்பர்னில் பீட்டர் ஃபார்லி குழுவினர் ஈமு முட்டைக் கருக்களை ஆராய்ந்து, 2017இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இதயத்தை உருவாக்கும் பணியில் ஈடுபடும் ஒரு மரபணு, ஈமுக் கருவின் இறக்கை மொட்டிலும் வேலை செய்கிறது. அங்கே அது தசை வளர்ச்சியையும் இறக்கையின் அளவையும் மட்டுப்படுத்துகிறது. பழைய மரபணுவை வேறிடத்தில் பயன்படுத்தியே பரிணாமம் இறக்கையைச் சுருக்கியிருக்கிறது. கோழிக்கரு தன் இறக்கையை வளர்த்துக்கொண்டிருக்கும் அதே கட்டத்தில் ஈமுக் கரு தன் இறக்கையைக் குறுக்கிக்கொள்கிறது.

பறக்காத பெரும்பறவைகள் எல்லாம் ஒரே பறக்காத மூதாதையிடமிருந்து வந்தவை என்றுதான் நெடுங்காலம் நம்பினோம். 2014இல் மடகாஸ்கரின் அழிந்துபோன யானைப்பறவையின் எலும்பிலிருந்து பிரித்த டிஎன்ஏ அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அதன் மிக நெருங்கிய உறவு, நியூசிலாந்தின் சிறிய கிவி. நடுவே ஒரு பெருங்கடல் கிடக்கிறது. பறந்து சென்ற மூதாதைகள் வெவ்வேறு நிலங்களில் தனித்தனியே பறத்தலைக் கைவிட்டிருக்க வேண்டும். நம் நிலத்துக்கும் இதில் பங்குண்டு. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடைத்த முட்டை ஓட்டுத் துண்டுகளை ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் ஆராய்ந்தது. 25,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் தீக்கோழி ஓடித்திரிந்தது என்பதற்கான மரபணுச் சான்றை 2017இல் அது வெளியிட்டது. ஈமு அப்படியல்ல. அது 1990களின் நடுவில் ஆந்திரம் வழியாக இங்கே வந்த புதிய விருந்தாளி.

குஞ்சு காலால் உதைத்து ஓட்டை உடைத்துக்கொண்டு வரும். 400 கிராம் எடை, வெளிர் மஞ்சள் உடலில் பழுப்புக் கோடுகள். முதல் இரண்டு மூன்று நாள் அதற்குத் தீனி வேண்டாம். வயிற்றுக்குள் உறிஞ்சப்பட்ட மஞ்சள் கருவே போதும். இங்கே வீட்டில் பொரிப்பவர்கள் அதிகம் இழப்பது ஓர் எளிய காரணத்தால். டைல்ஸ் தரையில் விடுவார்கள். கால் வழுக்கி இருபுறமும் விரியும். சில நாளில் அது நிரந்தர ஊனமாகிவிடும். பறக்காத பறவைக்குக் கால்தான் எல்லாம். நெல் உமியைப் பரப்பி மேலே கோணிச் சாக்கை விரித்துவிட்டால் இந்தத் துயரம் நேராது. அதுபோலவே, சீக்கிரம் வளரட்டும் என்று புரதம் மிகுந்த தீனியைக் கொட்டினால் உடல் எடை எலும்பை முந்திக்கொள்ளும், கால் வளையும். நாளெல்லாம் ஓடவிடுவதுதான் மருந்து. குஞ்சுகளுக்கே முப்பதடி நீள ஓட்டத்தளம் தேவை. வளர்ந்த ஒரு ஜோடிக்கு நூறடிக்கு இருபத்தைந்தடி, சுற்றிலும் ஆறடி வேலி. மாடம்பாக்கத்திலோ கேளம்பாக்கத்திலோ ஒரு மனைக்கட்டு 2,400 சதுர அடி என்று விற்கிறார்கள். ஒரு ஜோடி ஈமுவுக்கு அது முழுவதும் வேண்டும், வீட்டுக்கு இடமிருக்காது.

முதலில் கண்டதைத் தாயாகக் கொள்ளும் பழக்கத்தை கான்ராட் லோரன்ஸ் 1935இல் வாத்துக் குஞ்சுகளிடம் விளக்கிக் காட்டினார். ஈமுக் குஞ்சும் அப்படித்தான் பின்னாலேயே வரும். தனியாகப் பொரித்த ஒற்றைக் குஞ்சு மனிதரையே தன் இனமாக எண்ணி வளரும். கைக்குள் அடங்கும்போது இது கொள்ளை இன்பம். இரண்டாண்டு கழித்து இனப்பெருக்கப் பருவத்தில் அதே பறவை மனிதரைத் துணையாகவோ போட்டியாளராகவோ நடத்தும். அதன் கால் முன்னோக்கி உதைக்கும், நகம் கூர்மையானது. வேறு ஈமுக் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டாலும் ஒட்டாது. வீட்டில் பொரித்த பறவைக்குப் புது இடம் தேடுவது கடினமாவதற்கு இது முதற்காரணம். பொரிப்பதானால் இரண்டு மூன்றாகப் பொரிக்க வேண்டும். அவை ஒன்றையொன்று பார்த்து வளர வேண்டும்.

இரண்டாவது காரணம் பெருக்கக் கணக்கு. இதில்தான் ஈரோடு மாவட்டத்தின் கதை வருகிறது. முதல் ஆண்டில் ஒரு பெண் ஈமு பதினைந்து முட்டை இடும்; பிறகு முப்பதை எட்டும். பாதி பிழைத்தாலும் ஒரு ஜோடி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து குஞ்சுகளைத் தரும். இரண்டு ஆண்டில் அந்தக் குஞ்சுகளும் முட்டையிடத் தொடங்கும். பெருந்துறையின் சுசி ஈமு ஃபார்ம்ஸ் இந்தக் கணக்கையே முதலீட்டுத் திட்டமாக விற்றது. ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகள், மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, ஆண்டுக்கு 20,000 போனஸ், காலம் முடிந்ததும் முதல் திருப்பித் தரப்படும் என்றார்கள். திரை நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்தார்கள். நிலம் விற்றவர்கள், நகை அடகு வைத்தவர்கள், ஓய்வூதியப் பணம் போட்டவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். ஈமு இறைச்சிக்கு நம் ஊரில் வாங்குவோர் இல்லை. எண்ணெயைப் பிழிந்து விற்கும் தொழில் வேரூன்றவில்லை. கறிக்கோழி ஆறு வாரத்தில் விலைக்கு வரும். ஈமுவுக்கு ஒன்றேகால் ஆண்டாவது ஆகும், அதுவரை தின்றுகொண்டே இருக்கும். குஞ்சுக்கு விலை கொடுத்தவர் அடுத்த முதலீட்டாளர் மட்டுமே. அவர் வருவது நின்றதும், 2012 ஆகஸ்டில் எல்லாம் இடிந்தது.

பணத்தை இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது, கோவையில் தனி நீதிமன்றம் இருந்தது. பறவைகளுக்கு ஒன்றும் இல்லை. நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தீனி தின்னும் பறவைகள் ஆயிரக்கணக்கில் கொட்டடிகளில் பசியோடு நின்றன. மாவட்ட நிர்வாகமும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் தீனி போட்டுக் காப்பாற்ற வேண்டி வந்தது. பட்டினியில் பல செத்தன. இந்த நிகழ்வைப் பொருளாதார மோசடி என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறோம். உயிருள்ளவற்றைப் பங்குப் பத்திரம்போல அச்சடித்து வெளியிட்டதுதான் இதன் மையக் குற்றம் என்பது என் உறுதியான எண்ணம். 1990களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பண்ணைகளிலும் இதே ஏற்றமும் இதே சரிவும் நடந்திருந்தன. அங்கே வேலியையும் திறந்துவிட்டார்கள். பெருந்துறையில் திட்டம் தொடங்குமுன் அந்த வரலாறு எல்லாருக்கும் எட்டும் இடத்தில்தான் இருந்தது.

திறந்துவிடுவது தீர்வாகாது. 2022 ஏப்ரலில் மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில், கஜல்டோபா அருகே சாலையில் காயங்களோடு அலைந்த கங்காருக்களை வனத்துறையினர் மீட்டார்கள். அவற்றைப்போலவே ஈமுவும் நம் காட்டு விலங்கன்று. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் அதற்கு இடமில்லை. அதனால் கைவிடப்பட்ட ஈமு யாருடைய பொறுப்பு என்பதே குழப்பமாகிறது. ஆனால் பசியால் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டப்படி குற்றம். அது ஈமுவுக்கும் பொருந்தும். கோவளம் கடற்கரையில் விட்டால் நாய்களும் கிழக்குக் கடற்கரைச் சாலை வாகனங்களும் முடித்துவிடும். அவற்றுக்குத் தப்பினாலும், மின்னும் எதையும் விழுங்கும் பழக்கமுள்ள பறவை அது. குப்பை நிறைந்த கரையில் பிளாஸ்டிக்கும் உலோகமும் இரைப்பையில் அடைத்துக்கொள்ளும்.

பொரிப்பதைவிட இடம் தேடுவது கடினம் என்பதற்குச் சான்று தேடிப் பெருந்துறை வரை போக வேண்டியதில்லை. கோவளத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில், வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணை இருக்கிறது. அழியும் நிலையில் இருந்த இந்திய முதலைகளை மீட்டெடுத்த பெருமை அதற்கு உண்டு. சதுப்பு முதலைகள் அங்கே அமோகமாகப் பொரித்தன. பின்னர் அவற்றை விடுவதற்கு நீர்நிலைகள் இல்லாமல் போயின. இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியும் தொட்டிகளில் நெரிசல் குறையவில்லை. கடைசியில் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள மீட்பு மையத்துக்கு அனுப்ப முடிவானது. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது. அறிவும் அனுபவமும் பெயரும் உள்ள ஒரு நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், கொல்லைப்புறத்தில் பொரித்த பறவைக்கு யார் இடம் தருவார்கள்? வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா பக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டில் பொரித்ததையெல்லாம் வாங்கிக்கொள்வது அதன் வேலையல்ல.

ஏற்கெனவே ஈமு வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் இடம் மாற்றுங்கள். அந்த வயதில் பறவை புதிய கூட்டத்தில் எளிதில் சேரும். ஒன்றாக வளர்ந்தவற்றை ஒன்றாகவே கொடுங்கள். அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் வாங்குபவரின் கோழிகளுக்கும் சேர்த்து ஆபத்து. விடியற்காலையில் அல்லது இரவில் மூடிய வண்டியில், வைக்கோல் பரப்பி ஏற்றுங்கள். பிடிப்பவர் பறவையின் பின்புறமோ பக்கவாட்டிலோ நிற்க வேண்டும், எதிரே நிற்கவே கூடாது. போகும் இடத்துக்கு முன்பே ஒருமுறை நேரில் போய், வேலியின் உயரத்தையும் நிழலையும் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். எடுத்துக்கொள்பவர் இறைச்சிக்காக எடுக்கிறாரா, வளர்க்க எடுக்கிறாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பதில் எதுவானாலும் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பறவைகள் உங்களிடமே இருந்தால், ஒவ்வொரு மாலையும் முட்டைகளை எடுத்துவிடுங்கள்; ஆணை அடையில் உட்காரவிடாதீர்கள்.

இன்னும் முட்டை மட்டுமே கையில் வைத்திருப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். அதை இன்குபேட்டரில் வைக்கும் முன், அந்தக் குஞ்சு ஒன்றரை வயதில் எந்த வேலிக்குள் நிற்கும், பத்து வயதில் யார் தீனி போடுவார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் உள்ளவர்களை அழைத்து, ஒப்புதல் கேளுங்கள். எழுத முடியவில்லை என்றால் முட்டையில் ஒரு துளையிட்டு உள்ளிருப்பதை ஆம்லெட் போட்டுச் சாப்பிடுங்கள். குடும்பம் முழுவதற்கும் போதும். ஓட்டைக் கழுவி அலமாரியில் வையுங்கள். அதன் பச்சை பல ஆண்டுகள் மங்காது.